இருபது நாள் சிப்பாய்கள்

கடற்கரைக் கோட்டையின் கதை – பகுதி 9

பினாங்கு எஸ்பிளனேட் புல்வெளியை ஒட்டி நிற்கும் கார்ன்வாலிஸ் கோட்டை எந்தப் போரையும் பார்த்ததில்லை. அதைச் சுற்றியிருந்த அகழியையும் பின்னாளில் கொசுவுக்குப் பயந்து தூர்த்துவிட்டார்கள். கோட்டைக்குப் பெயர் தந்த கார்ன்வாலிஸ் பிரபு பல போர்களைப் பார்த்தவர். அமெரிக்காவில் யார்க்டவுனில் 1781இல் சரணடைந்து, 1786இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார். பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றியதும் அதே ஆண்டுதான். நிபோங் பனைமரங்களை நட்டு வேலியடைத்த காவலுக்குப் புது எஜமானரின் பெயரைச் சூட்டியதில் வியப்பில்லை.

இங்கே கோட்டைக்கு அவர் பெயர் நிலைத்துக்கொண்டிருந்தபோது, லண்டன் கடைவீதியில் அதே பெயர் சந்தி சிரித்தது. 1791 மே மாதம் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். அரகெரேயில் சண்டையில் வென்றார். ஆனால் மழை பிடித்துக்கொண்டது, வண்டிமாடுகள் செத்து விழுந்தன, தானியம் தீர்ந்தது. முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார். செய்தி கப்பலேறி லண்டனை அடைய மாதங்கள் பிடித்தன. டிசம்பரில் ஜேம்ஸ் கில்ரே என்ற ஓவியர் அதை அச்சுப்படமாக்கினார். கோட்டை மதில்மேல் நின்று திப்பு சுல்தான் சிறுநீர் கழிக்கிறார். கீழே கவர்னர் ஜெனரல் கழுதைமேல் ஏறி ஓடுகிறார். அடுத்த பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் திரும்பிப் போய்த் திப்புவைப் பணியவைத்தார். ராஜ்யத்தில் பாதியையும், பணயமாகப் பிள்ளைகள் இருவரையும் வாங்கினார். சேலமும் திண்டுக்கல்லும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது அப்போதுதான். பிள்ளைகளை அவர் கனிவோடு கைப்பிடித்து வரவேற்கும் படங்கள் உடனே லண்டனில் விற்பனைக்கு வந்தன. கேலியும் புகழும் கடைக்காரர்களுக்கு ஒரே சரக்குதான்.

இந்தக் கேலிப்படங்கள் பத்திரிகைக்குள் வந்தவை அல்ல. செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, தாளில் தனித்தனியாக அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி விற்கப்பட்டவை. கில்ரேயின் படங்களை விற்றவர் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணி. கில்ரே அவர் கடை மாடியிலேயே குடியிருந்தார். படத்தின் விலை ஒன்றிரண்டு ஷில்லிங். 1797இல் கூலி உயரும்வரை காலாட்படைச் சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு எட்டு பென்ஸ்தான் சம்பளம். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். படத்தில் கேலிக்கு ஆளான சிப்பாயால் அதை வாங்கமுடியாது. கடைக் கண்ணாடிக்கு வெளியே கூட்டத்தோடு நின்று பார்க்கலாம், பார்த்துச் சிரிக்கலாம்.

கார்ன்வாலிஸைப் பார்த்துச் சிரித்ததற்குக் காரணம் அவருடைய தோல்வி. ஜெயித்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. அதே கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு வகை ஆள் தொங்கினான். அவன் தோற்கவில்லை, போருக்கே போகவில்லை. அவன் யார் என்பதே சிரிப்புக்குக் காரணம். இந்த வாரம் அவனைப் பார்ப்போம். அவனைத் தொடர்ந்து போனால் நாம் பினாங்கு வழியாகச் சிவகங்கைச் சீமைக்கும் போய்வர வேண்டியிருக்கும்.

சீட்டுக் குலுக்கிய படை

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிரந்தரப் படையைக் கண்டால் நிலவுடைமையாளர்களுக்கு ஆகாது. குரோம்வெல் காலத்தில் பட்டாளம் நாட்டையே ஆண்ட நினைவு அவர்களுக்கு மறக்கவில்லை. அரசனிடம் பெரிய படை இருந்தால் நாடாளுமன்றம் வாய் திறக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 1756இல் பிரான்சு படையெடுக்கும் என்ற பீதி எழுந்தபோது, நாட்டைக் காக்க ஜெர்மனியிலிருந்து ஹெஸ்ஸியரையும் ஹனோவரியரையும் வரவழைக்க வேண்டியதாயிற்று. நம் வீட்டு வாசலைக் காக்க வெளியாளா என்ற கூச்சத்தில் பிறந்தது 1757ஆம் ஆண்டு மிலிஷியா சட்டம்.

மிலிஷியா என்றால் குடிப்படை. 18 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களின் பெயரை ஊர்தோறும் பட்டியலிட்டு, சீட்டுக் குலுக்கி ஆளெடுப்பார்கள். கையில் காசிருப்பவர் பத்துப் பவுண்டு கட்டி விலகிக்கொள்ளலாம், அல்லது பதிலாள் அனுப்பலாம். எனவே சீட்டு யார் பெயருக்கு விழுந்தாலும், கடைசியில் துப்பாக்கி போய்ச் சேர்ந்தது பணம் கட்ட வழியில்லாத பண்ணையாளிடமும் கைத்தொழிலாளியிடமும்தான். பட்டியல் எடுக்க வந்தவர்களை 1757இலேயே பல மாவட்டங்களில் கூட்டம் விரட்டியடித்தது. 1761 மார்ச் 9 அன்று வடக்கே ஹெக்ஸம் சந்தைத் திடலில் சீட்டுக் குலுக்கலை எதிர்த்துத் திரண்டவர்களை நோக்கி யார்க்‌ஷயர் குடிப்படையினரே சுட்டார்கள். ஏறக்குறைய ஐம்பது பேர் செத்தார்கள். துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்கள் என லண்டன் கேலி செய்த ஆட்கள்தான் அவர்கள்.

வரைந்தவர்களும் உள்ளாட்களே

இந்தக் கேலியின் சுவையான செய்தி, கேலி செய்தவர்களில் முக்கியமானவர்கள் அந்தப் படைக்குள்ளேயே இருந்தார்கள் என்பது.

மிலிஷியா சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்னின்று கொண்டுவந்த ஜார்ஜ் டவுன்ஷெண்ட் தாமே கைதேர்ந்த கேலிச்சித்திரக்காரர். எதிரியான கம்பர்லாந்து கோமகனின் தொப்பையை வரைந்து, சீட்டு அளவுக்குச் சிறிய அட்டைகளில் அச்சிட்டுப் பரப்பினார். அரசியல் கேலிச்சித்திரத்தில் தனிமனிதரின் உருவத்தை மிகைப்படுத்தும் பழக்கம் இங்கிலாந்தில் வேர்விட அவரும் ஒரு காரணம். 1759இல் க்யூபெக் முற்றுகைக்குப் போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. தம் தளபதி வுல்ஃபையே கேலியாக வரைந்து சக அதிகாரிகளிடம் கைமாற்றினார்.

ஹென்றி பன்பரி மேற்கு சஃபோக் குடிப்படை அதிகாரி. 1778இல் பிரான்சு அமெரிக்கர்களோடு சேர்ந்து போரில் இறங்கியதும், கென்ட் மாவட்டத்துக் காக்ஸ்ஹீத்தில் குடிப்படைகள் முகாமிட்டன. அந்த முகாம் விரைவில் திருவிழாவானது. சீமாட்டிகள் சீருடை போல உடை தைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஷெரிடன் அதை வைத்து நாடகம் போட்டார். அந்தக் கூத்தை உள்ளிருந்தே பார்த்துப் பன்பரி வரைந்தார். 1780இல் வந்த அவருடைய புது ஆட்கள் படத்தில், நேராக நிற்கச் சொன்னால் எது நேர் என்றே தெரியாமல் மூன்று நாட்டுப்புறத்தார் நிற்கிறார்கள்.

மூன்றாமவர் பிரான்சிஸ் குரோஸ். சர்ரே குடிப்படையின் சம்பளப் பட்டுவாடா இவர் பொறுப்பில் இருந்தது. தம்மிடம் இரண்டே கணக்குப் புத்தகங்கள்தான் உண்டு, ஒன்று வலது பை, மற்றது இடது பை என்று இவர் சொல்லிச் சிரித்ததாகப் பேச்சு. ஒரு பையில் வரவு, மற்றதில் செலவு. கணக்கு உதைத்து, இவர் கடனில் விழுந்தார். 1782இல் வெளிவந்த, இராணுவ அதிகாரிகளுக்குப் புத்திமதி சொல்வதுபோல் அவர்களைக் கிண்டலடிக்கும் நூல் இவருடையது என்பார்கள். 1788இல் கேலிச்சித்திரம் வரைவதற்கான விதிமுறைகளையும் எழுதினார். கேலியின் இலக்கணத்தை எழுதியவரே கேலிக்குரிய படையின் கணக்கர்.

ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய எட்வர்ட் கிப்பன்கூட இளமையில் ஹாம்ப்ஷயர் குடிப்படையின் கேப்டனாகச் சில ஆண்டுகள் அலைந்தவர்தான். அந்தக் காலம் வீண் என்று அலுத்துக்கொண்டாலும், ரோமானியப் படையைப் புரிந்துகொள்ள அது உதவியது என்று பின்னாளில் ஒத்துக்கொண்டார்.

இவர்களுடைய கேலியில் வெறுப்பு குறைவு, செல்லம் அதிகம். தன் வீட்டுப் பிள்ளை முதல் தடவை வேட்டி கட்டித் தடுமாறும்போது பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. துப்பாக்கியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கில்ரேயின் அணிவகுப்பு

கில்ரே இவர்களைப் போல மேட்டுக்குடிக்காரர் அல்லர். அவர் தந்தை உண்மையான சிப்பாய். 1745இல் ஃபோன்டெனாய் போரில் ஒரு கையை இழந்து, செல்சி மருத்துவமனையின் ஓய்வூதியத்தில் காலம் தள்ளியவர். பட்டாளம் மனிதனிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும் என்பதைச் சாப்பாட்டு மேசையிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை கில்ரே.

1796இல் பிரதமர் பிட், ஏற்கெனவே உள்ள குடிப்படையோடு மேலும் சுமார் அறுபதாயிரம் பேரைச் சேர்க்கச் சட்டம் கொண்டுவந்தார். இவர்களுக்குப் பயிற்சி இருபது நாள். நவம்பர் 25 தேதியிட்டு கில்ரேயின் படம் கடைக்கு வந்தது. இருபது நாள் பொழுதுபோக்குக்குப் புறப்படும் துணைக் குடிப்படை என்பது அதன் தலைப்பு. செருப்புத் தைப்பவர், தையல்காரர், முடி அலங்காரக்காரர் என்று கடைத்தெருவே எழுந்து வரிசையில் நடக்கிறது. சீருடைக்குள் தொழில் மறையவில்லை. ஒவ்வொருவரோடும் அவரவர் கருவி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவர் பருமன், அடுத்தவர் ஒல்லி. வீரநடைக்குப் பதிலாகக் கடைக்கு வெளியே இழுத்துவிடப்பட்டவர்களின் நடை.

இப்படங்கள் அனைத்திலும் மூன்று சங்கதிகள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, பொருந்தாத உடல். சீருடை என்பது எல்லா உடலையும் ஒன்றாக்கும் என்பது பட்டாளத்தின் நம்பிக்கை. தொப்பையும் கூனும் அதைப் பொய்யாக்கும். இரண்டாவது, விட்டுப்போகாத தொழில். கத்தரியும் சீப்பும் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். மூன்றாவது, வீட்டு நினைப்பு. மனைவி, மதுக்கடை, கல்லாப்பெட்டி ஏதாவது ஒன்று பின்னாலிருந்து இழுக்கும். ஹோகார்த் 1750இல் ஃபின்ச்லிக்குப் புறப்படும் காவல்படையை வரைந்தபோதே இந்த மூன்றாவது சங்கதி வந்துவிட்டது. அதில் இருப்பவர்கள் முழுநேரச் சிப்பாய்கள்தாம். ஆனாலும் குடியும் காதலியும் அவர்களை அணிவகுக்க விடவில்லை.

இந்தக் கேலிக்குக் காலமே பதில் சொன்னது. கில்ரேயின் படம் வந்து மூன்றே மாதத்தில், 1797 பிப்ரவரி 22 அன்று, சுமார் 1,400 பிரெஞ்சுச் சிப்பாய்கள் வேல்ஸ் கரையில் ஃபிஷ்கார்ட் அருகே இறங்கினார்கள். அங்கே நிரந்தரப் படை இல்லை. காடர் பிரபு கையில் கிடைத்த சில நூறு தன்னார்வக் குதிரைப்படையினரையும் உள்ளூர்க் காவல்படையினரையும் குடிப்படையினரையும் திரட்டிக்கொண்டு போனார். இறங்கியவர்களில் பலர் சிறையிலிருந்து திரட்டப்பட்டவர்கள். கரையேறியதும் ஊர் ஊராகப் புகுந்து கிடைத்ததைத் தின்று குடித்தார்கள். இரண்டே நாளில் சரணடைந்தார்கள். ஜெமைமா நிக்கலஸ் என்ற பெண் வைக்கோல் வாரும் கவைக்கோலோடு போய்ப் பன்னிரண்டு பேரைப் பிடித்துவந்தார் என்று அந்த ஊர் இன்றும் சொல்கிறது. அவர் தொழில் செருப்புத் தைப்பது.

1799 ஜூன் 4, மன்னர் பிறந்தநாளன்று ஹைட் பார்க்கில் ஆயிரக்கணக்கான தன்னார்வப் படையினரை மூன்றாம் ஜார்ஜ் பார்வையிட்டார். அதே ஆண்டு ஆக்கர்மன் என்ற பதிப்பாளர் லண்டன் தன்னார்வப் படைகளைப் பற்றி 87 வண்ணப் படங்களோடு ஒரு புத்தகம் கொண்டுவந்தார். வரைந்தவர் கேலிக்குப் பேர்போன ரோலண்ட்சன். ஆனால் இதில் கேலி இல்லை. ஒவ்வொரு படைப்பிரிவின் பொத்தானும் வார்ப்பட்டையும் பிசகாமல் இருக்கின்றன. படத்தில் இருப்பவர்களே வாங்குபவர்கள் ஆனதும் தொப்பை காணாமல் போய்விட்டது.

பினாங்கில் யார் கையில் துப்பாக்கி?

அந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரில்தான் நம் ஜார்ஜ்டவுன். அதே பத்தாண்டுகளில் இந்த ஊரில் என்ன நிலைமை?

லைட்டே ஒரு கணக்கில் அரைகுறைச் சிப்பாய். இளமையில் சில ஆண்டுகள் கடற்படையில் இருந்தவர். பிறகு வணிகக் கப்பலின் கேப்டன். 1786இல் அவரோடு இறங்கிய காவல் சுமார் 150 பேர். அதில் நூறு பேர் புதிதாகச் சேர்த்த ஆட்கள், மீதம் லஸ்கர்களும் சில ஐரோப்பியப் பீரங்கிக்காரர்களும். உதவிப்படை தருவதாக லைட் சொல்லி, கும்பினி தராமல் விட்ட கோபத்தில் கெடா சுல்தான் அப்துல்லா 1791இல் எதிர்க்கரையில் பிறையில் படை திரட்டினார். ஏப்ரல் 12 விடியுமுன் லைட் சுமார் நானூறு பேரோடு கடல் தாண்டிப் போய்த் தாக்கி அதைக் கலைத்தார். ஆண்டுக்கு ஆறாயிரம் ஸ்பானிய டாலர் என்று மே மாதம் ஒப்பந்தமானது.

அப்போது தீவில் கடைவைத்திருந்தவர்கள் யார்? 1790களில் லைட் எழுதிய குறிப்பில் சீனர் சுமார் மூவாயிரம் என்றும், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஆயிரம் என்றும் வருகிறது. அதோடு ஆண்டுதோறும் அந்தக் கரையிலிருந்து கப்பல்கள் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் பேர்வரை கொண்டுவந்து இறக்கின. அவர்கள் உழைத்துச் சம்பாதித்துத் திரும்பினார்கள். லண்டனில் குடிப்படையை நிரப்பிய அதே வகை ஆட்கள் இவர்கள்: தையல்காரர், தச்சர், கடைக்காரர், படகோட்டி. கும்பினி இவர்களுக்குச் சீட்டுக் குலுக்கவில்லை. காவலுக்கு வங்காளத்திலிருந்தும் பின்னர் மெட்ராஸிலிருந்தும் சம்பளச் சிப்பாய்களையே வரவழைத்தது. வெளியாளை வைத்து வாசல் காப்பது இங்கிலாந்தில் அவமானமாகப்பட்டது. இங்கே அதுவே ஆட்சிமுறையாக இருந்தது.

சிரிக்கப்படாத குடிப்படை

தமிழ்நாட்டில் பழைய குடிப்படை இருந்தது. பாளையங்களில் உழவர்கள் மானிய நிலத்தை அனுபவித்துக்கொண்டு, பாளையக்காரரின் அழைப்பு வந்தால் வேலும் வளரியும் துப்பாக்கியுமாகத் திரள்வார்கள். வேலை முடிந்ததும் வயலுக்குத் திரும்புவார்கள். கில்ரேயின் தையல்காரரைப் போலவே இவர்களுக்கும் வேறு தொழில் உண்டு. ஆனால் இவர்களைப் பார்த்து எந்த ஆங்கில அதிகாரியும் சிரிக்கவில்லை.

1801 ஜூன் 16 அன்று சிவகங்கைச் சீமையின் சின்ன மருது கும்பினிக்கு எதிராக வெளியிட்ட அறிவிப்பு திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. சாதி, மதம் பாராமல் எல்லாரும் ஆயுதம் எடுங்கள் என்ற அழைப்பு அது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பரில் மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஆயுதங்களைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார். உழவனிடமிருந்து வேல் பறிக்கப்பட்டது. லண்டனில் குடிமகன் கையில் துப்பாக்கியைத் திணித்த அதே ஆண்டுகளில், அதே ஆட்சி இங்கே குடிமகனை வெறுங்கையனாக்கியது.

1802 பிப்ரவரி 11 அன்று தூத்துக்குடியிலிருந்து அட்மிரல் நெல்சன் என்ற கப்பல் 73 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. சிவகங்கைச் சீமையின் வேங்கன் பெரிய உடையத் தேவர் அதில் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் இருந்தான். அப்போது அவனுக்கு வயது சுமார் பதினைந்து. கப்பல் போய்ச் சேர்ந்த இடம் பினாங்கு. அடுத்த சில ஆண்டுகளில்தான் கார்ன்வாலிஸ் கோட்டை, இந்தியக் கைதிகளின் உழைப்பில், செங்கல் சுவராக எழுந்தது.

மருது சகோதரர்களுக்கு எதிரான போரில் கும்பினிக்காகச் சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1818இல் பினாங்குக்கு வந்தார். போருக்கு முன்பு சின்ன மருதுவோடு பழகி, அவரிடம் வேலெறியவும் வளரி வீசவும் கற்றவர் அவர். இங்கே தம்மெதிரே வந்து நின்ற, உடல் தேய்ந்த மனிதன் துரைச்சாமி என்று அறிந்ததும் நெஞ்சில் கத்தி பாய்ந்ததுபோல் ஆனதைப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார்.

இருபது நாள் பயிற்சிக்குப் போனவன் கண்ணாடிக்குப் பின்னால் கேலிப்படமானான். இவர்களுக்குக் கேலிப்படம்கூட இல்லை. தன்னவன் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பார்த்துத்தான் ஒருவன் சிரிக்க முடியும். மற்றவன் கையில் இருந்தால் அச்சம் வரும், அச்சத்தின் பின்னால் தூக்குக்கயிறும் கப்பலும் வரும். பன்பரியும் கில்ரேயும் விட்டுச்சென்ற படங்களை நான் இப்போது இப்படித்தான் பார்க்கிறேன். அவை அந்தத் தையல்காரர்களுக்கு ஆட்சி கொடுத்த நம்பிக்கைப் பத்திரங்கள்.

பினாங்கின் பதில் கேலி

செப்புத் தகடும் அச்சுக்கடையும் இல்லாத ஊர் என்பதால் பினாங்கு கேலி செய்யாமல் இருந்துவிடவில்லை. 1845இல் மெட்ராஸ் காலாட்படையின் 21ஆம் பிரிவு இங்கே காவலுக்கு வந்ததென்றும், முஹர்ரம் மாதத்தில் அதன் முஸ்லிம் சிப்பாய்கள் பத்து நாள் விடுப்பில் வேடமிட்டுக் குழுக்குழுவாகப் பாடித் திரிந்தார்களென்றும், அதிலிருந்தே போரியா கூத்து பிறந்ததென்றும் சொல்வார்கள். சிப்பாய் தானே சீருடையைக் களைந்து கோமாளியாகும் பத்து நாள் அது. உள்ளூர் மலாய்க்காரரும், இந்திய-மலாய்க் கலப்பு முஸ்லிம்களான ஜாவிப் பெரானாக்கான்களும் அதை எடுத்துத் தம் கலையாக்கினார்கள். ஒருவர் பாட, வரிசையாக நிற்கும் கூட்டம் திருப்பிப் பாட, முன்னால் ஒரு நகைச்சுவை நாடகம். தளபதியும் மாலுமியும் சிப்பாயும் அதில் வேடங்களாக வந்தார்கள். நம் கூத்தில் கட்டியக்காரன் ராஜாவின் காவலரைக் கிண்டலடிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பினாங்கு சிரித்தது தொழில்முறைச் சிப்பாயைப் பார்த்து. குடிப்படை என்று ஒன்று இங்கே இருந்தால்தானே அதைக் கேலி செய்ய?

தொழில்முறையாளர்கள் கேலிக்கு இடம் கொடுத்த நாளும் வந்தது. 1914 செப்டம்பர் 22 அன்று மெட்ராஸில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியலில் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போல் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அங்கே நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கின் கேப்டன் கரையில் இருந்தார். கப்பலில் காவல் சரியில்லை. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது, எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியே போகும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயையும் எம்டன் மூழ்கடித்தது.

தங்கியவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களில் தன்னார்வத் தொண்டர் படைகள் வளர்ந்தன. 1922இல் அவை ஒரே படையாக இணைக்கப்பட்டபோது, பினாங்கும் செபராங் பிறையும் சேர்ந்து அதன் மூன்றாம் அணியாயின. வங்கி எழுத்தர், ஆசிரியர், வணிகர், அரசு ஊழியர் என்று மாலையிலும் வாரக்கடைசியிலும் பயிற்சிக்கு வந்தார்கள். இனத்துக்கொரு பிரிவு என்பது அமைப்பு. ஒருவழியாக இந்த ஊர்க் கடைக்காரர் கையிலும் துப்பாக்கி வந்தது, கடனாக.

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனைத் தாக்கின. கோட்டை என்று காகிதத்தில் பெயர் வைத்திருந்த இந்தத் தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூட இல்லை. மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே குண்டுகள் விழுந்தன. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் முதலில் இரவோடிரவாகக் கப்பலேற்றப்பட்டார்கள். 16ஆம் தேதி இரவு படையும் மீதமிருந்த ஐரோப்பியரும் போய்விட்டார்கள். வானொலி நிலையத்தைக்கூட அழிக்கவில்லை. உள்ளூர்த் தொண்டர் படையினரில் பெரும்பாலோர் குடும்பத்தோடு தங்கினார்கள். மக்களில் பெரும்பான்மையினர் பத்திரமாக வெளியேற்றப்பட்டதாகப் பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் வானொலியில் பேசினார். அவர் மக்கள் என்று எண்ணிக்கொண்டது யாரை என்பது இங்கே தங்கியவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

ஊரில் அரசு இல்லை. இலங்கைத் தமிழரும் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியருமான மாணிக்கசோதி சரவணமுத்து, எல்லா இனத்தவரையும் சேர்த்து ஒரு குழு அமைத்து ஊரைப் பார்த்துக்கொண்டார். கார்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடிதான் விமானங்களை இழுக்கிறது என்று கண்டு, அதை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர் அவர். டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் நகருக்குள் வந்தார்கள்.

அந்தக் கோட்டையின் நீண்ட சரித்திரத்தில் ஆபத்தான வேலை என்று ஒன்று நடந்ததென்றால் இதுதான். அதைச் செய்தவர் சீருடை அணியாத ஒரு பத்திரிகைக்காரர். கில்ரேயின் படத்தில் கடைத்தெருவின் சாயல் விட்டுப்போகவில்லை என்பதுதான் நகைச்சுவை. வீட்டையும் கல்லாப்பெட்டியையும் மறக்கமுடியாதவன் எப்படிச் சிப்பாயாவான் என்று அது கேட்டது. பினாங்கின் அந்த மூன்று நாட்கள் அந்தக் கேள்விக்கு வேறு பதில் வைத்திருக்கின்றன. வீட்டை மறக்கமுடிந்தவர்கள் கப்பலேறினார்கள். மறக்கமுடியாதவர்கள் இருந்து ஊரைக் காத்தார்கள்.

அடுத்த வாரம்: கோட்டைச் சுவரைக் கட்டிய கைதிகள் யார், எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், தண்டனை முடிந்தபின் இந்தத் தீவில் என்ன ஆனார்கள்?

(தொடரும்)